களத்துக் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

போன சனிக்கிழமை காலை, மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கொட்டகையில், என் மைத்துனன் பாஸ்கரன் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தான். அவ்வளவுதான் செய்தான்.

வெளியே ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு வந்தது. நாங்கள் வந்த காருக்குப் பின்னால் குறுக்காக நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கினான், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான், எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

ஒரு ஸ்பேனருக்கு ஒரு டிராக்டரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. புரியாமலே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

பாஸ்கரன் என் மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவன். நசுங்கிப்போன வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இது மரத்துல மோதினது இல்ல, பின்னாடி லாரி இடிச்சது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "ரசம் மிச்சமானதுல தண்ணி ஊத்தியிருக்காங்க" என்பான். சம்பந்தி வீட்டார் காதில் விழுகிற மாதிரி! அவனோடு விசேஷங்களுக்குப் போவதையே நான் குறைத்துக்கொண்டேன்.

ரிட்டயர் ஆன பிறகு அவனுக்குப் பழைய கார் பித்துப் பிடித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பழைய கார்க்காரர்களுக்கென்று ஒரு குழு. எந்நேரமும் அதில்தான் இருப்பான். அதில் ஒருநாள் இந்த விளம்பரம் வந்தது.

'பாதியில் நிற்கும் கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் ரெஸ்டொரேஷன் விற்பனைக்கு. காலமான என் தந்தையின் முடியாத கனவு. உதிரி பாகங்கள் உள்ளன. விலை பேசிக்கொள்ளலாம். வாங்குபவர் இதே கொட்டகையில் வைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது.'

கடைசி இரண்டு வாக்கியங்களை இன்னொரு முறை படியுங்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அடுத்தவன் ஒரு கட்டு வைக்கோலைப் போட்டு வைக்கக்கூட யாரும் லேசில் இடம் தர மாட்டார்கள். போட்டவன் நாளைக்கு 'இது என் இடம்' என்று நின்றால்? இங்கே ஒருவர் முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட்டு, வா, வந்து உட்கார், வாடகை வேண்டாம் என்கிறார். எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் கூடவே ஒரு போட்டோ வந்திருந்தது.

சிவப்பு வண்டி. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். இங்கிலாந்தில் செய்தது. கம்பெனி பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், உங்களில் நாலு பேர் அந்த ஊரைத் தேடிக்கொண்டு போய்விடுவீர்கள்... அங்கே கூட்டம் ஏற்கெனவே அதிகம்.

"அத்தான், இந்த வண்டி ஓடி நான் பார்த்திருக்கேன்" என்றான் பாஸ்கரன். போனில் அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

அவன் மன்னார்குடியில்தான் காலேஜ் படித்தான். அந்தக் காலத்தில் ஜில்லாவுக்கே ஒன்றோ இரண்டோ இருந்திருக்கும் இப்படிப்பட்ட வண்டி. ஒரு மிராசுதார், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போவாராம். இவனும் இவன் சேக்காளிகளும் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே துரத்துவார்களாம். "ஒரு தடவையாவது அதுல உக்காரணும்னு அப்பவே நெனச்சேன் அத்தான்." அறுபது வயது தாண்டிய ஆள் இப்படிச் சொல்லும்போது என்ன செய்வது? போகலாம் என்றேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் எங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. அதற்கு அப்புறம் வழியெல்லாம் சம்பா அறுவடை. ரோட்டில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது, மீதியை அறுவடை மெஷின். ஊர் முகப்பில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்களும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. அதைத் தாண்டி, வயலுக்கு நடுவே ஒரு பெரிய களம். களத்தின் ஒரு மூலையில் ஓட்டு வீடு. இன்னொரு மூலையில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை.

களத்தில் நெல் கொட்டியிருந்தது. எங்கே காய வைத்திருந்தார்கள் தெரியுமா? அவ்வளவு பெரிய களத்தை விட்டுவிட்டு, கொட்டகையின் கதவை ஒட்டி. உள்ளே போக ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் இடம் விட்டிருந்தது.

விளம்பரம் கொடுத்தவர் வசந்தா மேடம். அந்தக் கூலிங் கிளாஸ் மிராசுதாரின் ஒரே மகள். சென்னையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லில் கால் படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே கார் இருந்தது. அதாவது, கார் எதுவெல்லாம் சேர்ந்ததோ அதெல்லாம் இருந்தது. சிவப்பு உடம்பு பனங்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. கம்பிச் சக்கரங்கள் சுவரில் தொங்கின. இன்ஜின் தனியாக ஒரு மரச் சட்டத்தின் மேல். மிச்சமெல்லாம் சாக்குகளில், துருப் பிடிக்காமல் இருக்க உமி போட்டு மூடிக் கட்டி வைத்திருந்தது. ஓரமாக வெளிநாட்டு முத்திரை போட்ட மரப்பெட்டிகள்.

பாஸ்கரன் காரின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. இந்த வயதில் எதன் மேலாவது அவ்வளவு ஆசை எனக்கு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். தோசையைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்பாவுக்கு இந்தக் கார்தான் உயிர்" என்றார் வசந்தா மேடம். "முடிக்காமலே போயிட்டார். நீங்க முடிச்சாப் போதும் எனக்கு. ஒரே கண்டிஷன், வேலை இங்கேயேதான் நடக்கணும். வெளியில எடுத்துட்டுப் போகக் கூடாது."

"இங்கேயேவா? தினம் தஞ்சாவூர்லேர்ந்து வரணுமே" என்றேன்.

"வருவேன்" என்றான் பாஸ்கரன், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"அப்போ இன்னைக்கே தொடங்கிடுங்களேன்! சும்மா ஒரு போல்ட்டைக் கழட்டிப் பாருங்க" என்று செல்போனை எடுத்துக் கேமராவைத் திருப்பினார் அவர்.

எங்கள் கார் டிக்கியில் இருந்த டூல்ஸ் பையிலிருந்து பாஸ்கரன் ஸ்பேனரை எடுத்து வந்தான். அப்போதுதான் டிராக்டர் வந்தது.

எனக்குச் சண்டை என்றால் பேப்பரில் படிக்க மட்டும் பிடிக்கும். கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். ஓட்டு வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

"கண்டுக்காதீங்க. காபி சாப்பிடுங்க" என்று பிளாஸ்க்கைத் திறந்தார் வசந்தா மேடம்.

கூட்டத்திலிருந்து இரண்டு பேர் மட்டும் கொட்டகைக்கு வந்தார்கள். ஒருவர் கலியபெருமாள். என் வயது இருக்கும், தோளில் துண்டு. இரண்டு தலைமுறையாக மிராசுதாரின் வயல்களைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற குடும்பம். அந்த ஓட்டு வீடு அவருடையது. இன்னொருவர் அவர் மனைவி அஞ்சலை. வந்ததும் அவர்தான் பேசினார்.

"நீங்க வண்டியை எடுத்துட்டுப் போவ வந்தீங்களா? இல்ல, இங்கயே இருக்க வந்தீங்களா?"

சாதாரணக் கேள்விதானே? ஆனால் கேட்ட விதம் சாதாரணமாக இல்லை. வசந்தா மேடம் முந்திக்கொண்டார். "வேலை செய்ய வந்திருக்காங்க."

அஞ்சலை அவர் பக்கம் திரும்பவில்லை. "உங்களைத்தான் கேக்கறேன் சார்."

பாஸ்கரன் ஸ்பேனரும் கையுமாக நின்றான். "ஏம்மா... என்ன விஷயம்?" என்றான்.

"பதினோரு மணிக்குக் கோர்ட்லேர்ந்து கமிஷன் வருது சார்" என்றார் கலியபெருமாள். "உங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை.

எங்கள் ஜில்லாவில் நிலத் தகராறு இல்லாத குடும்பம் என்றால் நிலமே இல்லாத குடும்பம் என்று அர்த்தம். பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும். பட்டா இன்னொருவர் பெயரில் இருக்கும். மாடு மூன்றாவது ஆளுடையது கட்டியிருக்கும். எந்த ஆட்சி வந்தாலும் ஒரு சட்டம் வரும், சட்டம் வந்ததும் இரண்டு வக்கீல்கள் வருவார்கள். கடைசியில் எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கும் — அனுபோகம் யாரிடம்? யார் அங்கே இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டு இருக்கிறார்கள்? அதைக் கண்ணால் பார்த்து எழுதி வர ஒரு வக்கீலை அனுப்புவார்கள். அவர்தான் கமிஷனர். அவர் வருகிற தேதி தெரிந்துவிட்டால் போதும், காலி மனையில் தென்னங்கன்று முளைத்துவிடும். பாழடைந்த மாட்டுத் தொழுவத்தில் யாரோ குடித்தனம் வந்து ரேடியோ பாட ஆரம்பித்துவிடும்.

இங்கே முளைத்த தென்னங்கன்று யார் என்று இப்போது எனக்குப் புரிந்தது. கையில் ஸ்பேனருடன் நின்றுகொண்டிருந்தது.

கலியபெருமாள் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு வந்த காலத்தில் அவர் அப்பா பெயர் வயலுக்குப் பதிவாகிவிட்டது. மிராசுதாரால் வயலிலிருந்து அவரை எழுப்ப முடியவில்லை. மிச்சம் இருந்தது இந்தக் களம். அதன் மூலையில்தான் வீடு. எல்லாம் ஒரே சர்வே நம்பர்.

"இது நெல்லு அடிக்கிற களம்னா, வயலோட சேர்ந்தது. எங்க வீடு நிக்கும். இது களமே இல்ல, மிராசுதாரோட கார் ஒர்க் ஷாப்புன்னு அவங்க கேஸு. ஒர்க் ஷாப்புன்னு ஆயிட்டா எங்க வீடு ஆக்கிரமிப்பு சார். நாங்க கெளம்பணும்."

வசந்தா மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

"ஆமா, கமிஷனுக்காகத்தான் இன்னைக்கு வரச் சொன்னேன். என்ன தப்பு?" என்றார் எங்களைப் பார்த்து. "சுத்தி இருக்கிற வயல் அத்தனையும் எங்க தாத்தா நிலம். இன்னைக்கு அதுல இறங்கி நிக்கக்கூட எனக்கு உரிமை இல்ல. மிச்சம் இருக்கிறது இந்தக் கொட்டகை ஒண்ணுதான். இதுவும் போனா, எங்கப்பா பொறந்த ஊர்ல எனக்குக் கால் வைக்க இடம் கிடையாது. அந்த நெல்லைப் பாருங்க. களம் பூரா காலியா கிடக்கு, என் வாசல்ல வந்து கொட்டியிருக்காங்க. அது மட்டும் நியாயமா?"

கலியபெருமாள் நெல்லைப் பார்த்தார். அவர் வக்கீல் சொல்லிக் கொடுத்தது அது என்று எனக்குத் தோன்றியது.

நான் பாஸ்கரனின் முழங்கையைப் பிடித்தேன். "வா, போயிடலாம்."

"எப்படிப் போறது? டிராக்டர் நிக்குதே" என்றான்.

அஞ்சலை அவனிடம் சொன்ன வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. அக்கறையாகச் சொன்னார்.

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும் சார். வண்டி வேணும்ல உங்களுக்கு? அவங்க சொல்லிக் குடுத்ததைச் சொல்லிட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம். வர்றவங்க எல்லாருமே அப்படித்தான். நீங்க போயிட்டா போட்டோவைக் காட்டியே வேலை நடக்குதும்பாங்க, அதான் மறிச்சோம்; கமிஷன் முடிஞ்சதும் டிராக்டரை எடுத்து வழி விடச் சொல்றேன்."

பாஸ்கரன் திரும்பிக் காரிடம் போனான்.

அதற்கு அப்புறம் அவன் பார்த்தது ஆசைக்காரன் பார்வை இல்லை. பழைய சர்வேயர் பார்வை. காரைச் சுற்றி நடந்தான். குனிந்து அடியில் பார்த்தான். ஒரு சாக்கை அவிழ்த்து உமியைக் கிளறினான். கதவின் கீல் இருந்த இடத்தை விரலால் தடவினான். மரப்பெட்டிகளின் ஆணியைப் பார்த்தான். எனக்கு வியர்த்தது. அவன் இப்படிச் சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று பந்தியில் பார்த்தவன் நான்.

"என்னடா?" என்றேன் மெதுவாக.

"அத்தான், பாதியில விட்ட வேலை நான் எத்தனையோ பார்த்திருக்கேன். எங்கயாவது ஒரு இடத்துல வேலை முடிஞ்சிருக்கும். ஒரு கதவைத் தேச்சுப் பெயின்ட் அடிச்சிருப்பான். ஒரு விளக்கையாவது மாத்தியிருப்பான். ஆசைப்பட்டவன் சும்மா இருக்க மாட்டான், எதையாவது ஒண்ணைப் பளபளன்னு பண்ணி வச்சுப் பார்ப்பான்." குரலை இன்னும் தாழ்த்தினான். "இதுல அப்படி ஒண்ணுகூட இல்ல. பெட்டியில புது பார்ட்ஸ் இருக்கு, ஆணியே பிடுங்கலை. போல்ட் எல்லாம் ஒரே தடவைதான் ஸ்பேனரைப் பார்த்திருக்கு, கழட்டும்போது. நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி அத்தான்... என் கண்ணால பார்த்திருக்கேன். அதை ஏன் கழட்டணும்?"

நான் பதில் சொல்வதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

கமிஷனர் இளைஞர். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். பின்னாலேயே ஒரு காரில் இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒன்றாக வந்து இறங்கினார்கள், சிரித்துப் பேசிக்கொண்டு. களத்துக்குள் கால் வைத்ததும் இரண்டு பேரும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்கள்.

கமிஷனர் முதலில் நெல்லில் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். "ஈரமா இருக்கே. எப்ப கொட்டினது?"

"நேத்து சாயங்காலம் சார்" என்றார் கலியபெருமாள். அவர் வக்கீல் தொண்டையைச் செருமினார். கமிஷனர் எழுதிக்கொண்டார்.

கொட்டகைக்குள் வந்தார். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டது, வெளிச்சமே குறைந்துவிட்டது. கமிஷனர் காரைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், கடைசியில் பாஸ்கரனைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"வேலை செய்யறவர் சார். ரெஸ்டொரேஷன் நடந்துக்கிட்டு இருக்கு" என்றார் வசந்தா மேடம்.

"அவரே சொல்லட்டும்மா."

அந்த நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். 'டேய், ஏதாவது சொல்லி மழுப்பிவிடு. பார்க்க வந்தேன் என்று சொல். தலை சுற்றுகிறது என்று சொல். இரண்டு பக்கமும் வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம்' என்று நினைத்தேன். வாசலில் நின்ற ஆட்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்கரன் காரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விளம்பரம் பார்த்துட்டு வாங்க வந்தேன் சார்" என்றான். "தஞ்சாவூர். இங்க வர்றது இன்னைக்குத்தான் முதல் தடவை. இந்த ஸ்பேனர் என்னோடது."

வசந்தா மேடம் கண்களை மூடிக்கொண்டார்.

"இங்க வேலை நடந்துட்டு இருந்த மாதிரி தெரியுதா உங்களுக்கு?" என்றார் கமிஷனர்.

"சார், அப்ஜெக்ஷன்! இவர் எக்ஸ்பெர்ட் கிடையாது!" என்றார் வசந்தா மேடத்தின் வக்கீல்.

"முப்பது வருஷம் மோட்டார் சர்வேயர் சார் நான்" என்றான் பாஸ்கரன். எனக்கு அவன் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. "இடம் யாருதுன்னு எனக்குத் தெரியாது. அதுல நான் வரலை. வண்டியைப் பத்தி மட்டும் சொல்றேன். இந்த வண்டியைக் கழட்டியிருக்காங்க. ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பிப் பூட்டலை. ரிப்பேருக்காகக் கழட்டின மாதிரி தெரியலை எனக்கு. நகரக் கூடாதுன்னு கழட்டின மாதிரி இருக்கு."

கமிஷனர் அதை எழுதுகிற வரைக்கும் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. எழுதி முடித்ததும், இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கமிஷனர் காதில் வாங்காமல், டேப்பை எடுத்துக்கொண்டு களத்தை அளக்க வெளியே போனார். கூட்டமும் அவர் பின்னாலேயே போனது.

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். கலியபெருமாள் மட்டும் வாசற்படியில் நின்றார்.

வசந்தா மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். 'வண்டி உனக்குக் கிடையாது, வெளியே போ' என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பாஸ்கரனுக்குத் தெரியும். ஸ்பேனரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான்.

அவர் காரின் பக்கத்தில் போய் நின்றார். தன் பக்கத்து வழக்கு இப்படித்தான் நடத்தப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். போட்டோவும் ஸ்பேனரும் நாடகம் என்று தெரியும். ஆனால் கார்? அது நாடகம் என்று அவருக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"அப்போ... அப்பா இதைச் சரி பண்ணவே இல்லையா?"

பாஸ்கரன் தலையைக் குனிந்துகொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கண்டுபிடித்ததைச் சொல்லத் தயங்கியதை நான் பார்த்தேன்.

"தினம் சாயங்காலம் இங்க வந்துடுவாரே" என்றார் அவர். எங்களிடம் சொல்வதாகத் தெரியவில்லை. "நான் அப்போ காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தேன். லீவுக்கு வந்தா, கூட வர்றேன்னு கெஞ்சுவேன். வேணாம், வண்டி வேலை இருக்கும்பார். இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வருவார். அவ்வளவு நேரம் இங்க என்னதான் பண்ணினார்?"

"வாசல்ல நாக்காலி போட்டு உக்காந்திருப்பாரும்மா" என்றார் கலியபெருமாள்.

வசந்தா மேடம் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க உள்ள பூந்துடக் கூடாதுன்னு உக்காந்திருப்பாரு. எங்கப்பா அந்தா, அந்தத் தரையில உக்காந்திருக்கும். இவரு களத்தை வளைச்சு வேலி போட்டுடக் கூடாதுன்னு. இருட்டினதும் இவரு எந்திரிப்பாரு. அப்புறம்தான் அது எந்திரிச்சு சோறு திங்க வரும். மழைன்னாகூட ரெண்டு பேரும் நகர மாட்டாங்க. அது சாவுற வரைக்கும் அப்படித்தான்."

"ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார் அவர்.

கலியபெருமாளுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "பேசினா விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடாதாம்மா?"

டிராக்டரை எடுத்து எங்களுக்கு வழி விட்டார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை, யாரும் திட்டவும் இல்லை. பாஸ்கரன் ஒரு தடவைகூடக் கொட்டகையைத் திரும்பிப் பார்க்காமல் வந்து காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்தது என்று நினைக்கிறேன். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

களத்தில் இன்னும் அளந்துகொண்டிருந்தார்கள். நான் வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன். வசந்தா மேடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்தார். அஞ்சலை வந்து, நெல்லுக்கு இந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

கமிஷனர் அதை எழுதிக்கொண்டாரா, தெரியவில்லை.